பம்புசெட் மோட்டார் ஏன் கருகுகிறது? வோல்ட், ஆம்பியர் கொண்டு போடும் கணக்கு

பேரையூர் வட்டாரக் கரிசல் காடுகளில் பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி முதலிய பயிர்கள் பெரும்பாலும் வானம் பார்த்தே விளைகின்றன. கிணறோ ஆழ்துளைக் கிணறோ உள்ள தோட்டங்களில்தான் வெங்காயம், மிளகாய், தக்காளி போன்றவற்றை நம்பிப் பயிரிட முடிகிறது. அந்தத் தோட்டத்தின் உயிர் பம்புசெட் மோட்டார். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கும் நேரத்தில் மோட்டார் கருகினால், அதை மேலே எடுத்து, காயில் கட்டக் கொடுத்து, திரும்ப இறக்குவதற்குள் நான்கைந்து நாள் ஓடிவிடும். காயில் கட்டும் கூலி ஒரு பக்கம் இருக்க, உதிர்ந்த பூவுக்கு யாரும் ஈடு தரப் போவதில்லை.

உழவியல் ஆசிரியனுக்கு மின்சாரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பாசன இடைவெளி பற்றிப் பேசுவதற்காகப் பேரையூருக்கு மேற்கே ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். தோட்டக்காரர் அந்தப் பருவத்தில் இரண்டாம் முறை காயில் கட்டி மோட்டாரை இறக்கியிருந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்பது இருக்கட்டும் ஐயா. இங்கே வோல்ட்டேஜ் எப்போதும் குறைவு. கரண்டு குறைவாக வந்தால் மோட்டார் மெதுவாகத்தானே ஓட வேண்டும்? சூடேறிக் கருகுவானேன்?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. அதற்கான விடை அவருடைய ஸ்டார்ட்டர் பலகையிலேயே இரண்டு முள்ளாக ஆடிக்கொண்டிருந்தது. ஒன்று வோல்ட் மீட்டர், மற்றொன்று ஆம்பியர் மீட்டர்.

தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டு சிறு விவசாயிகளுக்கும், 1990-ஆம் ஆண்டு எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டிற்கான மின்சாரம் இலவசமாயிற்று. அதனால் வீட்டுக்கு வருவதுபோல் தோட்டத்திற்கு மின்கட்டணச் சீட்டு வருவதில்லை. நன்மைதான். ஆனால் மின்சாரம் எங்கோ வீணாகிறது என்று எச்சரிக்கும் சீட்டும் இல்லாமற் போயிற்று. ஆகவே விவசாயி தாமே கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்டு. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

தண்ணீரை வைத்தே புரிந்துகொள்வோம்

மேல்நிலைத் தொட்டி ஒன்றிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் வருகிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் உண்டு. மின்சாரத்தில் அந்த அழுத்தமே வோல்ட். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போன்றது ஆம்பியர். குழாய் குறுகலாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் தயங்கித்தான் வரும். அந்தத் தயக்கமே மின்தடை. அதை ஓம் என்ற அளவால் குறிக்கிறோம்.

ஓம் என்பது ஒருவருடைய பெயர். ஜெர்மனி நாட்டில் ஆசிரியராக இருந்த அவர், இந்த மூன்றுக்கும் உள்ள உறவை 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
வோல்ட் = ஆம்பியர் × ஓம்

அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்ததே திறன். உயரத்திலிருந்து விழும் தண்ணீர் எவ்வளவு வேலை செய்யும் என்பது உயரத்தையும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது அல்லவா? மின்சாரத்திலும் அப்படியே.

திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

இந்த இரண்டையும் சேர்த்தால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கிறது. திறன் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். இந்தக் கட்டுரையில் நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் ஒன்றே ஒன்று என்றால், அது இதுதான். ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும்.

746 வாட் சேர்ந்தது ஒரு குதிரைத்திறன். நம் பக்கத்துப் பெரியவர்கள் கமலை இறைத்த காலத்தில் ஒரு சோடி மாடு ஏறத்தாழ ஒரு குதிரைத்திறனோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் வேலை செய்தது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் என்றால் கிணற்று மேட்டில் ஐந்தாறு சோடி மாடுகள் ஓயாமல் நடப்பதற்குச் சமம்.

ஹீட்டர் வேறு, மோட்டார் வேறு

வெந்நீர் போடும் 1000 வாட் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது 4.35 ஆம்பியர் எடுக்கும். தடை = 230 ÷ 4.35 = 52.9 ஓம். வோல்ட் 180-க்கு இறங்கினால் என்ன ஆகும்? தடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆகவே 180 ÷ 52.9 = 3.4 ஆம்பியர். திறன் 180 × 3.4 = 612 வாட். வோல்ட் இறங்கியதும் ஆம்பியரும் இறங்கியது, சூடும் இறங்கியது. தண்ணீர் சுட நேரமாகும், வேறு கெடுதல் இல்லை. தோட்டக்காரர் மனத்தில் இருந்த கணக்கு இதுவே. ஹீட்டருக்கு அது முற்றிலும் சரி.

மோட்டார் அப்படி நடந்துகொள்வதில்லை. ஓடும் மோட்டாரின் தலையில் ஒரு சுமை இருக்கிறது. 300 அடி ஆழத்திலிருந்து தண்ணீரைத் தூக்கியாக வேண்டும். வோல்ட் குறைந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றின் ஆழம் குறைவதில்லை. மோட்டாரின் வேகமும் சிறிதளவே குறைகிறது. ஆகவே அழுத்தத்தில் இழந்ததை ஓட்டத்தில் ஈடு செய்ய, மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கிறது. ஒரு மாடு சோர்ந்தால் அதே பாரத்திற்கு மற்றொரு மாடு கூடுதலாக இழுப்பதைப் போல. வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும். ஆம்பியர் ஏற ஏற, மேலே சொன்ன சூத்திரத்தின்படி காயிலில் சூடு அதைவிட வேகமாக ஏறும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மோட்டாரைக் கழற்றி வைத்துக் காயிலின் தடையை அளந்தால் ஓரிரு ஓம்தான் காட்டும். அந்தத் தடை ஒன்றே தடுப்பதானால் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். அப்படி இழுக்காததற்குக் காரணம், மாறிக்கொண்டேயிருக்கும் மின்சாரத்தை எதிர்த்துக் காயிலிலேயே எதிர் அழுத்தம் ஒன்று பிறப்பதுதான். மோட்டார் நல்ல வேகத்தில் சுற்றும்போது அது முழு வலுவுடன் நிற்கும். சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும் மோட்டாரில் அந்தக் காவல் பெரிதும் தளர்ந்துவிடுகிறது. அப்போது ஆம்பியர் ஐந்தாறு மடங்கு ஏறும். உறுமும் மோட்டாரை 'பிடித்துவிடும்' என்று நம்பிப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

தோட்டக்காரரின் கணக்கு

மும்முனை மோட்டாரில் மூன்று கம்பிகள் இருப்பதால், கணக்கில் 1.732 என்ற எண் சேர்கிறது. அத்துடன் பவர் பாக்டர் என்ற எண்ணும் வரும். நீர்மூழ்கி மோட்டாருக்கு அதை 0.8 என்று வைத்துக்கொள்ளலாம்.

மும்முனைத் திறன் = 1.732 × வோல்ட் × ஆம்பியர் × 0.8

அந்தத் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரின் பெயர்த் தகட்டில் 5 குதிரைத்திறன், 415 வோல்ட், 9 ஆம்பியர் என்று இருந்தது. மோட்டார் ஓடும்போது பலகையில் நாங்கள் பார்த்தது 365 வோல்ட், 10.8 ஆம்பியர். திறன் = 1.732 × 365 × 10.8 × 0.8 = ஏறத்தாழ 5,460 வாட்.

இவ்வளவும் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்ததா? பம்புசெட் அறையிலிருந்து போர் வரையிலும், அதிலிருந்து மோட்டார் இறங்கியுள்ள ஆழம் வரையிலும் கேபிளின் மொத்த நீளம் 200 மீட்டர். கேபிள் 2.5 சதுர மி.மீ. செம்பு. இந்தக் கேபிளின் ஓர் இழைக்கு 1000 மீட்டரில் ஏறத்தாழ 8 ஓம் தடை உண்டு. ஆகவே 200 மீட்டருக்கு 1.6 ஓம்.

ஓர் இழையில் விழும் அழுத்தம் = 10.8 × 1.6 = 17.3 வோல்ட். மும்முனைக்கு 1.732 ஆல் பெருக்கினால் 30 வோல்ட். (பவர் பாக்டரையும் சேர்த்து நுட்பமாகக் கணக்கிட்டால் சற்றுக் குறையும். நமக்கு இதுவே போதும்.) பலகையில் 365 காட்டினாலும் ஆழத்தில் கிடக்கும் மோட்டாருக்குக் கிடைத்தது 335 வோல்ட்தான்.

கேபிளில் சூடாகப் போன திறன் = 3 × 10.8 × 10.8 × 1.6 = 560 வாட். அதாவது முக்கால் குதிரைத்திறன். தண்ணீர் தூக்க வேண்டிய மின்சாரம் தினமும் கேபிளைச் சுட வைத்துக்கொண்டிருந்தது.

இனிக் காயிலைப் பார்ப்போம். 9 ஆம்பியருக்குச் செய்த காயிலில் 10.8 ஆம்பியர் ஓடுகிறது. 10.8 ÷ 9 = 1.2. அதை அதனாலேயே பெருக்கினால் 1.44. காயிலின் தடையால் பிறக்கும் சூடு நூற்றுக்கு 44 பங்கு கூடுதல். கருகியதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறதே, அது ஏன் அணைக்கவில்லை? திறந்து காட்டச் சொன்னேன். ரிலே அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கிறது என்று, முன்பு வேலை பார்த்த ஒருவர் திருகை 12 ஆம்பியருக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தார். காவல் நாய் குரைக்கிறது என்று வாயைக் கட்டிப் போட்டதைப் போல. ரிலேயைப் பெயர்த் தகட்டில் உள்ள ஆம்பியருக்குத்தான் வைக்க வேண்டும். அது விழுந்தால் வேறு எங்கோ குறை இருக்கிறது என்று பொருள்.

கேபிள் பருமன்

அதே 200 மீட்டர், அதே 10.8 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு வேறு பருமன்களை ஒப்பிடலாம். 4 சதுர மி.மீ. செம்புக் கேபிளுக்கு 1000 மீட்டரில் ஏறத்தாழ 5 ஓம். அதில் 19 வோல்ட் விழும், 350 வாட் வீணாகும். 6 சதுர மி.மீ. கேபிளுக்கு 3.3 ஓம். அதில் விழுவது 12 வோல்ட், வீணாவது 230 வாட். விலை கூடுதல்தான். ஒரு முறை காயில் கட்டும் கூலி, மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி, காய்ந்த பயிர் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அவரவர் முடிவு செய்யலாம். ஆழம் 200 அடிக்குள், அறை போரின் அருகிலேயே என்றால் பருமனான கேபிளுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. அலுமினியக் கேபிள் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4 சதுர மி.மீ. அலுமினியம், தடையைப் பொறுத்தவரை 2.5 சதுர மி.மீ. செம்புக்குத்தான் சமம்.

தளர்ந்த இணைப்பையும் இந்தக் கணக்கால் அறியலாம். ஸ்டார்ட்டர் முனையில் ஒரு திருகு தளர்ந்து அரை ஓம் தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 9 × 9 × 0.5 = 40 வாட். ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்பின் சூடு அந்த ஒரு புள்ளியில் பிறக்கிறது. பிளாஸ்டிக் உருகும் வாடை வருவது இதனால்தான். மெயினை அணைத்தபின் முனைகளை வயர்மேனைக் கொண்டு இறுக்கச் செய்யுங்கள்.

கடைமடைக் கிணறு

தோட்டக்காரர் மோட்டாரை நிறுத்தியபோது பலகையில் 392 வோல்ட் காட்டியது, ஓடவிட்டால் 365. இந்த இரண்டு எண்ணிலிருந்தே வெளிக்கம்பியின் தடையைக் கண்டுபிடிக்கலாம். 392 − 365 = 27. அதை 1.732 ஆல் வகுத்து, வந்ததை 10.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.44 ஓம். அவர் கிணறு டிரான்ஸ்பார்மரிலிருந்து வெகு தூரத்தில், லைனின் கடைசியில் இருந்தது. கண்மாய்ப் பாசனத்தில் கடைமடைக்காரர் படும் பாடு நம் அனைவருக்கும் தெரியும். மின்சாரத்திலும் கடைமடை உண்டு. வழியில் உள்ள ஒவ்வொரு மோட்டாரும் ஓட ஓட, கம்பியில் ஆம்பியர் கூடி, வோல்ட் வழியிலேயே விழுந்துவிடுகிறது.

மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் ஊருக்குக் கொண்டு வருவதற்கும் இதுவே காரணம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று முழுப் பளுவில் இருந்தால், அதன் மேல்பக்கக் கம்பியில் ஓடுவது 3.3 ஆம்பியர்தான். அதே திறனுக்குக் கீழ்ப்பக்கம் 415 வோல்ட்டில் 88 ஆம்பியர் ஓடுகிறது. ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கிப் பார்த்தால், ஒரே தடையுள்ள கம்பியில் கீழ்ப்பக்கம் ஏற்படும் இழப்பு எழுநூறு மடங்கு. ஆகையால் டிரான்ஸ்பார்மர் அருகில் இருப்பதும், 415 வோல்ட் லைன் குட்டையாக இருப்பதும் முக்கியம். நீளம் குறைக்கவோ கூடுதல் டிரான்ஸ்பார்மருக்கோ மின்வாரியத்திடம் விண்ணப்பிக்கும்போது, 'வோல்ட்டேஜ் கம்மி' என்று மட்டும் எழுதாமல், எந்த நேரத்தில், மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் எத்தனை வோல்ட் என்று ஒரு வாரக் கணக்கை எழுதிக் கொடுங்கள். எண்ணுக்கு உள்ள மதிப்பு முறையீட்டுக்கு இல்லை.

விவசாயிகள் தங்களுக்குள் செய்துகொள்ளக் கூடியதும் ஒன்று உண்டு. 415 வோல்ட்டில் 9 ஆம்பியர் எடுக்கும் மோட்டாருக்கு 6.5 கே.வி.ஏ. தேவை. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இப்படிப்பட்ட ஒன்பது மோட்டாரைத்தான் தாங்கும். பத்தாவது ஓடினால் எல்லோருக்கும் வோல்ட் குறையும். 5 குதிரைத்திறனுக்கு இணைப்பு வாங்கிக்கொண்டு 7.5 மாட்டி ஓட்டுவது அண்டைக் கிணற்றுக்காரரின் காயிலைக் கருக்குவதாகும். இதை எழுதுவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டாமல், கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் மோட்டாருக்கும் முறை வைத்துக்கொண்டால் கடைசிக் கிணறும் பிழைக்கும்.

கபாசிட்டர் பொருத்துவது மற்றொரு வழி. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கபாசிட்டரைப் பலகையில் பொருத்தினால், லைனிலிருந்து இழுக்கும் 9 ஆம்பியர் ஏறத்தாழ 7.7 ஆகக் குறைகிறது. லைனில் வீணாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பலகைக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள கேபிளில் மட்டும் இதனால் மாற்றம் இருக்காது. வயர்மேன் பழைய கபாசிட்டரைக் கழற்றி மூலையில் போட்டிருந்தால், அது கெட்டதா நல்லதா என்று சோதித்து மாற்றச் சொல்லுங்கள்.

தோட்டக்காரர் 6 சதுர மி.மீ. கேபிளுக்கு மாறினார். ஆம்பியர் 10.2-க்கு இறங்கிற்று. இன்னும் 9-க்கு மேல்தான். ஆகவே வோல்ட் குறைவாக இருக்கும் நேரங்களில் வெளியேற்றும் குழாய் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, முள் 9-ல் நிற்குமாறு செய்துகொள்கிறார். தண்ணீர் கொஞ்சம் குறைகிறது, மோட்டார் ஓடுகிறது. சில வகைப் பம்புகளில் வால்வை மூடினாலும் ஆம்பியர் இறங்காது. முள்ளைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். ரிலே இப்போது 9-ல் இருக்கிறது.

எர்த்துக் கம்பிக்கும் இதே கணக்கு

கிணற்று மேட்டில் உயிர்கள் போவதற்குக் காரணமான ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மோட்டாரின் உள்ளே கம்பி உரசி, இரும்பு உடலில் 230 வோல்ட் ஏறிவிட்டது. எர்த்துக் குழியின் தடை 20 ஓம் என்றால், 230 ÷ 20 = 11.5 ஆம்பியர் மண்ணுக்குள் இறங்கும். 15 ஆம்பியர் பியூஸ் இதற்குப் போகாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், குழாயைத் தொடுபவரைத் தாக்கும். எர்த்துத் தடை 5 ஓம் ஆக இருந்தால் 46 ஆம்பியர் ஓடும், பியூஸ் உடனே போய்விடும். டிரான்ஸ்பார்மர் பக்கத்து எர்த்தின் தடையும் இதில் சேரும் என்பதால், நம் பக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. பியூஸ் போகிறது என்று பருமனான செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால் இந்தக் காவலும் இல்லை.

ஈரக்கையும் ஈரக்காலுமாக நிற்பவரின் உடல் தடை ஏறத்தாழ 1000 ஓம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். அதில் பாதியே உயிரைப் பறிக்கப் போதும். ஆம்பியர் மீட்டரின் முள் அசையக்கூட அது போதாது.

ஈரமான மண்ணில் தடை குறைவு, காய்ந்த மண்ணிலும் சரளையிலும் பல மடங்கு அதிகம். கரிசல் மண் கோடையில் வெடிப்பு விட்டு எர்த்துக் குழாயை விட்டு விலகிவிடும். ஆகவே எர்த்துக் குழியைக் கரித்தூளும் உப்பும் இட்டு ஆழமாக அமைத்து, பங்குனி முதல் ஆடி வரை வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவியையும் பம்புசெட் அறையில் வயர்மேனைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். எர்த்துத் தடையை அளக்கும் மீட்டர் சில வயர்மேன்களிடம் இருக்கும். மோட்டாரை அடுத்த முறை மேலே எடுக்கும்போது அவரிடம் கேட்டு, வந்த எண்ணை, கேபிளின் நீளம், பருமன், பெயர்த் தகட்டு ஆம்பியர் ஆகியவற்றோடு சேர்த்து ஸ்டார்ட்டர் பலகையின் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.